ப்ளீச்சிங் வாடை

பிப்ரவரி 12

முட்டி டாக்டர் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். தினமும் குளத்தில் எத்தனை நீளம் நீந்தினேன், ஏறி வந்ததும் நாடி எத்தனை என்று குறித்து வைக்க வேண்டுமாம். உரக்கடையில் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது.

இன்று: நீளம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்தேன். நாடி 128.

எழுத வேண்டியது இவ்வளவுதான். ஆனால் அந்தக் குளத்தைப் பற்றி நாலு வார்த்தை எழுதாவிட்டால் எனக்கு மதியச் சோறு இறங்காது. வேலவன் நீச்சல் குளம், மில்லுக்குப் பின்னால். பத்தரையிலிருந்து பதினொன்றரை வரை பெண்களுக்கு. ஓரத்து ஓடு முழுக்க ஸ்டிக்கர் பொட்டு. இறங்கும்போது நெற்றியிலிருந்து எடுத்து ஓட்டில் ஒட்டுகிறார்கள், ஏறும்போது ஏதோ ஒன்றை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். யாருடையது என்று கூடப் பார்ப்பதில்லை. தண்ணீரில் ஒரு மல்லிகைச் சரம் மிதந்தது. ஒருத்தி காறினாள், எங்கே துப்பினாள் என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அப்போதே வீட்டுக்குப் போயிருப்பேன்.

இதெல்லாம் போதாதென்று நான் வேறு. நீச்சல் உடை என்று கடையில் கொடுத்ததைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். எண்பத்து மூன்று கிலோவும் தெரிந்தது. சீ என்றிருந்தது.

பிப்ரவரி 15

அரை நீளம். நாடி 132. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து உப்புத் தண்ணீரால் ஏழு முறை கொப்பளித்தேன்.

அம்பத்தாறு வயதில் எனக்கு எதற்கு இந்தக் கர்மம் என்று மல்லிகா கேட்கிறாள். அவள் எதிர்வீடு. நான் குளத்துக்குப் போகும் நேரத்தில் என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள். தெரியாமல் கேட்கிறாளா என்ன.

இவருக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. தனியார் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டர். ஈரோட்டிலிருந்து தாராபுரம் வரை ஒவ்வொரு ஸ்டாப் பேரையும் கத்திச் சொன்ன வாய், இப்போது எச்சிலைக்கூட உள்ளே வைத்துக்கொள்வதில்லை. அறுபத்தெட்டு கிலோ. காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், சாயங்காலம் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் மல்லிகா வீட்டுக்காரர் பழனிச்சாமிதான் தூக்கி வைக்கிறார். அவர்கள் தீபாவளியோடு வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு கரூர் போகிறார்கள்.

மேகலா திருப்பூரிலிருந்து போன வாரம் வந்திருந்தாள். ஒரே மகள். காங்கயம் பக்கம் ஓர் இல்லம் பார்த்து வைத்திருக்கிறாளாம். "ஆளுங்க இருப்பாங்கம்மா, டாக்டர் வருவாரு. உன்னால நாலு படி ஏற முடியல, மூச்சு வாங்குது. அப்பாவ நீ எங்க தூக்கறது?"

"தூக்குவேன்."

"எப்ப?"

"தீபாவளிக்குள்ள தூக்கிக் காட்டறேன். முடியலீன்னா கூட்டிட்டுப் போ அம்மிணி."

சொல்லிவிட்டேன். தேய்ந்த முட்டியோடு நடக்கக் கூடாது, சைக்கிள் கூடாது, தண்ணீரில்தான் உடம்பைத் தேற்ற வேண்டும், ஏழெட்டு மாதம் விடாமல் போனால்தான் மூச்சும் தெம்பும் வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் போகிறேன். பொட்டும் சளியும் மிதக்கிற தண்ணீருக்குள் முகத்தை வைக்கிறேன்.

பிப்ரவரி 21

அரை நீளம். நாடி 130. விரலில் யாருடைய முடியோ சுற்றிக்கொண்டது. நீளமான முடி.

மார்ச் 4

முக்கால் நீளம். நாடி 126.

எஸ்தர் மிஸ் சொல்லிக்கொடுக்கிறாள். முப்பது வயது இருக்கும். தண்ணீருக்குள் மூச்சை விடு, வெளியே இழு என்று நாள் முழுக்க இதையே கத்துகிறாள். "பயந்துட்டு மூச்ச அடக்காதீங்கம்மா, அப்பத்தான் களைப்பாகுது. வேகம் வேண்டாம். நிறுத்தாம போறதுதான் வேணும்." நல்ல பிள்ளைதான். ஆனால் அவள் குதிகால் வெடிப்பைப் பார்த்தால் நான் தண்ணீருக்குள் ஓரடி தள்ளிப் போகிறேன்.

தண்ணீரில் ப்ளீச்சிங் நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. வாசல் ரூமில் குப்புராஜ் என்று ஓர் ஆள். டிக்கெட் கிழிப்பது, மோட்டார் போடுவது, ப்ளீச்சிங் கொட்டுவது எல்லாம் அவன்தான். வெற்றிலைச் சாற்றோடுதான் பேசுவான். ஜன்னலில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் வைத்திருக்கிறான். காலையில் குளத்துத் தண்ணீரை அதில் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விடுவானாம். ப்ளீச்சிங் போதுமான அளவு இருந்தால் மஞ்சளாக மாறும். முதலாளி மில்லுக்குப் போகும்போது கார் கண்ணாடியை இறக்கி அந்தக் குழாயைப் பார்ப்பார், மஞ்சளாக இருந்தால் போய்விடுவார். எஸ்தர்தான் சொன்னாள். ஈரோட்டில் எது சரியாக இருந்தாலும் மஞ்சளாகத்தான் இருக்கும் போலிருக்கிறது.

எழுத வந்தது இதற்கல்ல. வீட்டுக்கு வந்து இவருக்கு இட்லி ஊட்டக் குனிந்தேன். இவர் மூக்கைச் சுருக்கினார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு சொன்னார்: "வாட."

தெளிவாகச் சொன்னார். ஒன்பது மாதம் கழித்து வாயைத் திறந்து பெண்டாட்டியிடம் சொல்ல இவருக்குக் கிடைத்த வார்த்தை இதுதான். நாள் தவறாமல் இவருக்குக் கால் கழுவிவிடுகிறவள் நான். அப்போதெல்லாம் நான் மூக்கைச் சுருக்கியதுண்டா? நல்லாயிருக்குது நியாயம்.

மார்ச் 5

முக்கால் நீளம். நாடி 124. மறுபடியும் "வாட."

மேகலாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "அது சும்மா சத்தமா இருக்கும்மா. நீயே வார்த்தையா நெனச்சுக்கற," என்றாள். வைத்துவிட்டேன்.

மார்ச் 19

ஒரு நீளம். முழுசாக. நாடி 126. எஸ்தர் கை தட்டினாள், நான் தண்ணீருக்குள் தும்மிக்கொண்டிருந்தேன்.

குளத்திலேயே ஒரு குளியல், வீட்டில் சீயக்காய் போட்டு ஒன்று, எலுமிச்சை தேய்த்து ஒன்று. மூன்று குளியல் முடித்துத்தான் இவர் பக்கம் போனேன். "வாட." நாய் மூக்கு.

ஏப்ரல் 26

நான்கு நீளம், நடுவில் இரண்டு முறை நின்று. நாடி 118.

வெள்ளிக்கிழமை இந்தக் குளத்துக்கு வரக் கூடாது என்று வைத்திருந்தேன். இன்று மறந்துவிட்டேன். பாதிப் பேர் தலையில் எண்ணெயோடு வருகிறார்கள். அலசிவிட்டு இறங்குங்கள் என்று பலகை இருக்கிறது, படிக்கத் தெரியாதவர்கள் இல்லை. தண்ணீர் மேல் எண்ணெய் வட்டம் வட்டமாக நிற்கிறது. வாயைத் திறந்து மூச்சு இழுக்கிற இடத்தில் சரியாக ஒரு வட்டம் வரும். எனக்கென்றே வரும்.

குப்புராஜிடம் இன்று கேட்டேவிட்டேன். "ஏப்பா, ப்ளீச்சிங்க எதுக்கு இப்படிக் கொட்டற? ஒடம்பெல்லாம் நாறுது. வீட்டுல மனுசங்க பக்கத்துல போக முடியல."

"அளவாத்தானுங்கக்கா போடறேன்."

"அளவா? மூணு குளியல் போட்டும் போகல. கொறச்சுப் போடு."

கழுத்து கறுத்துவிட்டது, முடி செம்பட்டையாகிவிட்டது என்று மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எல்லாரும் என் பின்னால்தான் நின்றார்கள். மண்டியில் இருபத்தி ரெண்டு வருஷம் மஞ்சள் தரம் பிரித்தவள், சத்தம் போடுவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மே 17

ஆறு நீளம். நாடி 112. குப்புராஜிடம் இரண்டாம் முறை சொன்னேன். இவர்: "வாட."

ஜூன் 2

குளம் லீவு. மேகலா வந்திருந்தாள். காலையிலிருந்து அவள் எதிரில் இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் இவர் முகத்துக்கு நேரே குனிந்து, போர்வையைச் சரி பண்ணி, வேண்டுமென்றே தலையை மூக்குப் பக்கம் கொண்டுபோய் எல்லாம் பார்த்தேன். சும்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவால்லம்மா," என்றாள் மேகலா. அந்தப் பரவாயில்லை எனக்குப் பிடிக்கவில்லை. கிளம்பும்போது இல்லத்தின் படம் போட்ட தாளை டிவி மேல் வைத்துவிட்டுப் போனாள். பூச்செடி, நாற்காலி, சிரிக்கிற கிழவர்கள். அந்தக் கிழவர்களுக்கு யார் கால் கழுவிவிடுகிறார்கள் என்று படத்தில் இல்லை.

ஜூன் 6

எட்டு நீளம். நாடி 110. குப்புராஜிடம் மூன்றாம் முறை. இந்த முறை, இப்படியே நாறினால் பெண்கள் எல்லாரும் நின்றுவிடுவோம் என்றேன்.

ஜூன் 20

பத்து நீளம், நடுவில் ஒரே முறை நின்று. நாடி 106.

தண்ணீரில் நாற்றமே இல்லை. கண் எரியவில்லை. ஏறி வந்து கையை முகர்ந்து பார்த்தேன், வெறும் தண்ணீர்தான். குப்புராஜ் வெற்றிலையோடு சிரித்தான். "உங்களுக்காகத்தானுங்கக்கா. இப்பச் செரிங்களா?"

"இத மொதல்லயே பண்ணியிருக்கலாமில்ல," என்றேன். ஜன்னலில் குழாய் நல்ல மஞ்சளாக இருந்தது. அப்படியானால் அளவும் சரியாகத்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து ஒரே குளியல். இவர் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் ஊட்டினேன். முகத்தைத் திருப்பவில்லை. நிம்மதி.

ஜூன் 27

பன்னிரண்டு நீளம். நாடி 104. இவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 3

பன்னிரண்டு. நாடி 104. ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 9

பதினான்கு. நாடி 102. எடை 77. எஸ்தர் சொல்கிறாள், உடம்பு தண்ணீருக்குப் பழகிவிட்டதாம், இனி ஏறிக்கொண்டேதான் போகுமாம். மாடிக்குத் துணி காயப்போட ஏறினேன், நிற்காமல் ஏறினேன்.

இவர் நாற்காலியில் விரிக்கிற துண்டு, என் குளத்துத் துண்டு எதுவும் வெளுக்க மாட்டேன்கிறது. பழுப்பு ஏறுகிறது. சோப்பு சரியில்லை.

ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 16

டாக்டரை வீட்டுக்கு வரவழைத்தேன். இவருக்கு மறுபடியும் ஏதாவது வந்துவிட்டதா என்று பார்க்கச் சொன்னேன். ரத்த அழுத்தம் பார்த்தார், கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "புதுசா ஒண்ணும் இல்லம்மா. ஏன் கேக்கறீங்க?"

ஒரே வார்த்தை பேசிக்கொண்டிருந்தார், அதையும் நிறுத்திவிட்டார் என்று எப்படிச் சொல்வது. என்ன வார்த்தை என்று கேட்பார். சும்மாதான் என்றேன்.

குளத்துக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 6

பதினெட்டு. நாடி 98.

எஸ்தர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கரையிலேயே நின்றாள். மெட்ராஸ் ஐ. இமை இரண்டும் ஒட்டிக்கொண்டு, ஓரத்தில் பச்சையாகப் பீளை. நான் நாலடி தள்ளி நின்றுதான் பேசினேன். அப்படி இருந்தும் வேலைக்கு வந்திருக்கிறாள். "வரலைன்னா வேற ஆள் போட்டுருவாங்கம்மா."

ஆகஸ்ட் 9

எனக்கும் வந்துவிட்டது. காலையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். பஞ்சைப் பார்த்துவிட்டுக் காப்பியைக் கீழே ஊற்றினேன். பெண்கள் நேரத்தில் வருகிறவர்களில் ஆறு பேருக்கு இருக்கிறதாம்.

ஆகஸ்ட் 12

இவருக்கு.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவித்தான் தொட்டேன், துண்டு தனி, தலையணை தனி. அப்படியும் வந்துவிட்டது. இவரால் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியாது. வலது கை செத்தது, இடது கை பழைய தோள்வலியில் முகம் வரை வராது. பீளை கன்னத்தில் வழிந்து காது வரைக்கும் போய்க் காய்ந்திருந்தது. ஈ உட்கார்ந்திருந்தது. நான் அடுத்த அறையில் என் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

எனக்கு எத்தனையோ அருவருப்பு. ஆனால் இன்று அந்த ஈயைப் பார்த்தபோது வந்தது இவர் மேல் இல்லை.

ஆகஸ்ட் 14

மேகலா வந்தாள். அப்பாவின் கண்ணைப் பார்த்தாள், என் கண்ணைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை, அதுதான் மோசம்.

"எங்கிருந்தும்மா வந்துச்சு?"

"குளத்துலருந்து."

"அப்பாவப் பாத்துக்கறக்குன்னு நீ குளத்துக்குப் போற. அந்தக் குளத்துலருந்து அப்பாவுக்குக் கொண்டுவந்து குடுக்கற. இதுக்குத்தாம்மா நான் சொல்றது."

தீபாவளி வரைக்கும் என்றுதான் பேச்சு என்றேன். சரி, அதற்கு முந்தின திங்கட்கிழமை, அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி கார் எடுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னாள். நான் தூக்கினால் கார் சும்மா திரும்பிப் போகும்.

ஆகஸ்ட் 26

கண் சரியாகிவிட்டது. இருபது நீளம், நிற்காமல். நாடி 96. வெளியே வந்தபோது எனக்கு மூச்சு வாங்கவில்லை. வாங்கவில்லை என்பது எனக்கே வாசலுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

வாசலில் செருப்பு மாட்டும்போது ஜன்னல் குழாயைப் பக்கத்தில் பார்த்தேன். வெயில் நேராக அதில் விழுந்தது. அடியில் ஒரு துளி வண்டல் உட்கார்ந்திருந்தது. மருந்து விட்டு மாறுகிற மஞ்சள் தெளிவாக இருக்கும், எஸ்தர் ஒருமுறை பண்ணிக் காட்டியிருக்கிறாள். இது கலங்கலாக இருந்தது. மேலே ஓரத்தில் கண்ணாடியில் ஒரு கோடு, விரலில் ஒட்டினால் நாலு நாள் போகாத மாதிரியான கோடு.

விரலி மஞ்சள். இருபத்தி ரெண்டு வருஷம். எனக்குத் தெரியாதா.

நாற்றம் போனது ஜூன் இருபது. இவர் பேசாமல் போனதும் ஜூன் இருபது. டைரியைத் திருப்பிப் பார்த்தேன். என் கையெழுத்துதான், "நிம்மதி" என்று எழுதியிருக்கிறது. அதற்கு முன்னால் மூன்று தேதிகளில், குறைத்துப் போடு, குறைத்துப் போடு என்று நான் சொன்னதும் இருக்கிறது.

ஆகஸ்ட் 27

இருபது. நாடி 96. ஒன்றும் சொல்லவில்லை. இந்த முறை சொல்லாதது நான்.

ஆகஸ்ட் 28

இருபத்திரண்டு. வெளியே சொன்னால் முதலாளி குளத்தை மூடுவார். மூடினால் இரண்டு மாதம் நான் எங்கே போய் நீந்துவது? எஸ்தருக்கு எங்கே வேலை? இவரை யார் தூக்குவது? வாயை இறுக்க மூடிக்கொண்டு நீந்தினேன். மூக்கால் இழுத்து, மூக்கால் விட்டு. ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. கெட்டிக்காரி.

ஆகஸ்ட் 30

இருபத்திரண்டு. புதிதாக ஒரு கர்ப்பிணிப் பெண் வந்திருக்கிறாள். டாக்டர் நீந்தச் சொன்னாராம். என் பக்கத்தில் நின்று முகத்தில் தண்ணீரை அள்ளி அள்ளி அடித்துக்கொண்டாள். "தண்ணி சுத்தமா இருக்குதுங்களா அக்கா?"

"ம்" என்றேன்.

ம் என்றேன். இந்த வாயைத்தான் ஏழு முறை கொப்பளித்தேன். காறித் துப்பினவளாவது தன் எச்சிலைத்தான் துப்பினாள்.

செப்டம்பர் 2

நீந்தவில்லை.

பத்து மணிக்கே போய்விட்டேன். எஸ்தரும் நாலைந்து பேரும் வாசலில் இருந்தார்கள். அந்தப் பெண்ணும் இருந்தாள். முதலாளி கார் வரும் நேரம். ஜன்னலிலிருந்து குழாயை எடுத்தேன்.

"ஏனுங்கக்கா, அத எதுக்கு எடுக்கறீங்க?" என்று குப்புராஜ் எழுந்தான்.

"உன்ற சுண்ணாம்பு டப்பியக் குடு."

"எதுக்குங்க?"

"குடு சொல்றேன்."

அவன் கொடுக்கவில்லை, மேஜை மேலேயே இருந்தது, நானே எடுத்துக்கொண்டேன். நகத்தில் ஒரு துளி சுண்ணாம்பை எடுத்துக் குழாய்க்குள் விட்டுக் குலுக்கினேன். மஞ்சள் அப்படியே சிவப்பாகிவிட்டது. அங்கே நின்ற பெண்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கல்யாண வீட்டு வாசலில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து ஆரத்தி கரைக்காதவர்கள் அங்கே யாரும் இல்லை.

"ஆரத்தி," என்றாள் ஒருத்தி. யாரும் சிரிக்கவில்லை.

குப்புராஜ் உட்கார்ந்துவிட்டான். "ப்ளீச்சிங்க நிறுத்துனா கொழாயில கலர் வரமாட்டேங்குதுங்க. மொதலாளி பாத்தாத் திட்டுவாரு. அதான் ஒரு சிட்டிகை போட்டு வெச்சேன். கொளத்துலயும் தெனம் ஒரு கைப்பிடி கரைச்சு உட்டேனுங்க. மஞ்சளும் கிருமியக் கொல்றதுதானுங்க?" பிறகு என்னைப் பார்த்தான். அழுதுவிடுவான் போல இருந்தது. "நீங்கதானுங்கக்கா சொன்னீங்க. நாறுது, வீட்டுல பக்கத்துல போக முடியலீன்னு. மூணு தடவ சொன்னீங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமா," என்றேன். "நான்தான் சொன்னேன்."

கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. முதலாளியிடம் சிவப்புக் குழாயைக் கொடுத்து, நான் சொன்னதிலிருந்து தொடங்கிக் கண் நோய் வரைக்கும் நானே சொன்னேன். குப்புராஜை வேலையைவிட்டு எடுத்தால் என்னையும் குளத்துப் பக்கம் விடாதீர்கள் என்றேன். எஸ்தரின் கையைப் பிடித்தேன், குதிகால் எல்லாம் அப்போது கண்ணில் படவில்லை. அவள் கையை இழுத்துக்கொண்டாள். அவளுக்கு வேலை போகும் என்ற கவலை, அது நியாயம்தான்.

செப்டம்பர் 4

குளத்தை மூடிவிட்டார்கள். தண்ணீர் மொத்தமும் இறைத்து, ஓடு தேய்த்து, மணல் வடிகட்டி மாற்றித்தான் திறப்பார்களாம். எப்போது என்று தெரியாது. குப்புராஜ்தான் உள்ளே இறங்கி ஓடு தேய்க்கிறானாம். முதல் நாளே இரண்டு கைப்பிடி ஸ்டிக்கர் பொட்டு சுரண்டினானாம்.

செப்டம்பர் 20

நீளம் இல்லை. நாடி உட்கார்ந்த இடத்தில் 74.

பழனிச்சாமியைப் பக்கத்தில் நிற்கவைத்து இவரைத் தூக்கிப் பார்த்தேன். இடுப்பில் துண்டைக் கட்டிப் பிடிக்க வேண்டும், என் முட்டியால் இவர் முட்டியை அணைக்க வேண்டும், இவர் முகத்தை என் தோளில் சாய்த்துக்கொண்டு எழுப்பித் திருப்பி உட்காரவைக்க வேண்டும். எழுப்பிவிட்டேன். திருப்பும்போது கால் மடங்கி இரண்டு பேரும் கட்டிலிலேயே விழுந்தோம். இவர் என் மேல் கிடந்தார், எச்சில் என் கழுத்தில். துடைக்கத் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தோம். மூச்சு மட்டும் எனக்குத் தடுமாறவில்லை.

அக்டோபர் 3

எஸ்தர் வீட்டுக்கு வந்தாள். முதலாளி சம்பளத்தில் எதுவும் பிடித்தம் பண்ணவில்லையாம், குளம் திறந்ததும் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறாராம். அதைச் சொல்லத்தான் வந்தாள் என்று நினைக்கிறேன். உட்கார்ந்து காப்பி குடித்தாள். "ஏழு மாசம் சேத்த தெம்பும்மா. ஒரு மாசம் நின்னாக் கொஞ்சம் கொறையும். ஓடிப்போயிடாது." இவரைத் தூக்கும்போது நான் மூச்சை அடக்குவதைப் பார்த்துவிட்டுக் கத்தினாள், குளத்தில் கத்துவது போலவே. "விடுங்க, விட்டுட்டே தூக்குங்க." விட்டுக்கொண்டே தூக்கினேன். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். பாதிதான். பழனிச்சாமி பின்னால் இழுத்து வைத்தார்.

அக்டோபர் 17

இரண்டு வாரமாக நாற்காலி விளிம்போடுதான் நிற்கிறது. இவர் ஒன்றும் சொல்வதில்லை. கூரையைப் பார்க்கிறார்.

அக்டோபர் 27

நாளைக் காலை குளம் திறக்கிறார்கள். எஸ்தர் போன் பண்ணினாள். நாளைக்குத்தான் மேகலாவும் வருகிறாள், பன்னிரண்டு மணிக்கு. இவருடைய நாலு சட்டை, நாலு வேட்டியைத் துவைத்து மடித்து ஒரு பையில் வைத்திருக்கிறேன். எப்படியும் துவைக்க வேண்டியதுதான்.

அக்டோபர் 28

பதினாறு நீளம். நாடி 104. குறைந்துதான் போயிருக்கிறது.

ப்ளீச்சிங் நாற்றம் வாசலிலேயே அடித்தது. உள்ளே இறங்கினால் கண் எரிகிறது, தொண்டை கரகரக்கிறது, நாக்கில் கசப்பு. ஓடெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. மூலையில் ஒரே ஒரு பொட்டு, பச்சைக் கல் வைத்தது, இன்று காலை ஒட்டியது. ஜென்மத்தில் திருந்த மாட்டார்கள். ஜன்னல் குழாய் தெளிவான மஞ்சள். குப்புராஜ் என்னைப் பார்த்ததும் சுண்ணாம்பு டப்பியை நீட்டினான். "சோதிச்சுக்கோங்க அக்கா," என்றான். வேண்டாம் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போனேன்.

ஏறியதும் குளியல் அறையில் வரிசை நின்றது. ஆட்டோ பிடித்து வந்துவிட்டேன். முடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வீட்டுக்குள் வந்தபோது வாசலில் கார் நின்றது. மேகலா இவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். துணிப்பையை எடுத்து மடியில் வைத்திருந்தாள்.

"ஏம்மா, குளிச்சுட்டு வரலையா நீ?" நான் குளிக்காமல் வீட்டுக்குள் நுழைந்ததை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

"நேரமில்ல," என்றேன்.

பழனிச்சாமியைக் கூப்பிடட்டுமா என்றாள். யாரும் வர வேண்டாம், நீயும் எழுந்திருக்காதே என்றேன். இவரைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்தேன். துண்டைச் சுற்றி இறுக்கினேன். முட்டியை அணைத்தேன். தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன், ஈர முடி இவர் முகத்தில் பட்டது. மூச்சை விட்டுக்கொண்டே எழுப்பினேன். எழுந்தார். நின்றோம். திருப்பும்போது முட்டிக்குள் ஏதோ நறுக்கென்றது, மூச்சை மட்டும் நிறுத்தவில்லை. நாற்காலி பின்தொடையில் இடிக்கிற வரைக்கும் திருப்பினேன். இறக்கினேன். விளிம்பில் இல்லை, ஆழமாக, முதுகு சாய்கிற வரைக்கும் உட்கார்ந்தார்.

நான் நிமிரப் போனேன். அப்போது இவர் மூக்கு என் கழுத்தில் சுருங்கியது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார்.

"வாட."

மேகலா மடியிலிருந்த பை கீழே விழுந்தது. "அப்பா என்ன சொன்னாரு?"

அவள் எழுந்து வந்து நாற்காலிக்கு முன்னால் மண்டி போட்டாள். "அப்பா? என்னப்பா சொன்னீங்க?"

இவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, மூக்கை இன்னும் நன்றாகச் சுருக்கிக்கொண்டு, முப்பது வருஷம் ஸ்டாப் பேர் சொன்ன குரலில் சொன்னார்: "வாட."

மேகலா இவர் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். கார் இரண்டு மணிக்குச் சும்மா போயிற்று. துணிப்பையை நானே பிரித்துச் சட்டைகளை அலமாரியில் அடுக்கினேன்.

இதை எழுதும்போதும் என் கை நாறுகிறது. முடி கயிறாகிவிட்டது. சாயங்காலம் கட்டிலுக்கு மாற்றிய பிறகுதான் குளித்தேன், அதற்குள் இன்னும் நாலு முறை சொல்லிவிட்டார். நாளைக்கும் குளத்தில் குளியல் அறை வரிசையாகத்தான் இருக்கும். நாளைக்கும் நேரம் இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.